சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு

பதுளை கோர்ட்டில் நான் இரண்டாம் கிளாக்கராக இருந்த காலத்தில் எனக்கு முதுகு வலியும் கிடையாது, கண் கோளாறும் கிடையாது. ஆனால் என் கையெழுத்து மட்டும் சீக்காளியின் கையெழுத்தாக இருந்தது. காரணம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய கிளாக்கர். அவர் சிரித்தால் மேசை ஆடும். மேசை ஆடினால் மைக்கூடு ஆடும். நான் எழுதிக்கொண்டிருக்கும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். அந்தக் காலத்து வழக்குக் கட்டுகள் எதையாவது கறையான் விட்டுவைத்திருந்தால் எடுத்துப் பார்க்கலாம். எழுத்து நடுங்கிய இடமெல்லாம் அவர் சிரித்த இடம்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய கிளாக்கர்தான். அவருடைய தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இவர் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, ஜட்ஜ் துரைக்கு வலது கையாக வந்து சேர்ந்தார். துரையின் குதிரை வண்டி வருமுன் அன்றைய கட்டுகளை அடுக்கி வைப்பது, கட்சிக்காரர்களைக் கூப்பிடுவது, சத்தியம் செய்து வைப்பது, அவர்கள் தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது, தவணை குறிப்பது, தீர்ப்பைப் படி எடுத்து முத்திரை வைப்பது, எல்லாம் அவர் தலையில்தான். துரைக்குத் தலைவலி என்றால் வக்கீல்களான புரொக்டர்மாரின் காதருகே போய், இன்றைக்குக் கொஞ்சம் சுருக்கமாகப் பேசும்படி கெஞ்சுவதும் அவர்தான்.

நான் வந்த வழி வேறு. எங்கள் வாப்பாவுக்குக் கடைவீதியில் துணிக்கடை. என்னைக் கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்தார். என் மூஞ்சியைக் கண்ட பெண்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் கோபமில்லை, மூஞ்சியே அப்படி. இந்த மூஞ்சிக்கு கவர்ன்மென்ட் உத்தியோகம்தான் சரி என்று வாப்பா முடிவு செய்தார். ஆக, உம்மணா மூஞ்சி ஒருவனையும் சிரிப்பை அடக்கத் தெரியாத ஒருவரையும் ஒரே மேசையில் அல்லா கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தான்.

பெரிய கிளாக்கர் தன் சிரிப்பை ஓர் ஆள் மாதிரிதான் சொல்லுவார். யாராவது கூண்டில் ஏறி வாயைத் திறந்ததும் என் முழங்கையை இடித்து, “வர்றான் நானா” என்பார். முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரத்தில், “வாசலுக்கு வந்துட்டான்.” அப்புறம் பேனா கீழே விழும். அதை எடுக்க அவர் மேசைக்கு அடியில் போவார். பேனா எவ்வளவு தூரம் உருண்டிருக்கும்? ஆனாலும் அவர் மேலே வர நேரமாகும். வரும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு அப்போதிருந்த பழைய ஜட்ஜ் துரை வயதானவர், காது மந்தம், பார்வையும் மந்தம். இவ்வளவு நல்ல மனிதருக்கு விரலில் பிடிமானம் இல்லையே என்று அவர் அனுதாபப்படுவார். ஒருநாள் மேசை ஆடியதைப் பார்த்துப் பூமி அதிர்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

எதற்குத்தான் சிரிப்பார்? ஒரு தோட்டத்து ஆள், லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரன் மேல் பிராது கொடுத்திருந்தான். அவனுடைய சேவல் தினமும் தன்னைப் பார்த்துத்தான் கூவுகிறதாம், வேண்டுமென்றே அப்படிப் பழக்கியிருக்கிறார்களாம். சேவல் கூவும் தோரணையைக் கூண்டிலேயே கழுத்தை நீட்டிச் செய்தும் காட்டினான். அன்றைக்குப் பேனாவோடு சேர்த்து மைக்கூடும் விழுந்தது. இன்னொருவன் அடிதடி வழக்கில் மாட்டியவன். அடி விழுந்த நேரத்தில் தான் வீட்டில் மாமியாருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். எண்ணெயைச் சூடாக்கியது, எந்தக் காலை முதலில் எடுத்தது, மாமியார் கண்ணயர்ந்து ஆசீர்வாதம் செய்தது என்று அவன் விவரிக்க விவரிக்கச் சபையே உருகிப்போனது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து, “எப்படா பிடிச்ச?” என்று கேட்டாள். அவள்தான் மாமியார். பெரிய கிளாக்கர் மேசைக்கு அடியில் போனவர், அந்த வழக்கு முடிகிற வரை வரவே இல்லை. மிச்சத்தை நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழுகிறவர்களைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. பயத்தில் உளறுகிறவர்களைப் பார்த்தும் சிரித்ததில்லை. காலையில் பேர் எடுக்கிற பெரட்டுக்குத் தான் பிந்தி வந்ததற்காகக் கையோங்கிய கங்காணியைத் தள்ளிவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டு நின்ற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகப் பேசு என்று சொன்ன மனிதர் அவர். அந்த வேளைகளில் மேசை ஆடாது. என் எழுத்தும் முத்து முத்தாக இருக்கும்.

கோர்ட்டுக்குப் பின்னால் அவருக்குச் சின்னதாக ஒரு கவர்ன்மென்ட் வீடு. அவருடைய மனைவி இந்த விஷயத்தில் அவரைவிட மோசம். அன்றைய வழக்குகளை இவர் வீட்டில் போய் நடித்துக் காட்டுவார். இருவரும் சிரிக்கிற சத்தம் எங்கள் கட்டு அறை வரை வரும். பிள்ளை இல்லாத வீட்டில் அவ்வளவு சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்த அம்மாள் சின்ன வயதில் தாழ்நாட்டுக் காய்ச்சலில் கிடந்து செத்துப் பிழைத்தவர். இனி அந்தப் பக்கம் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி வைத்திருந்தார்.

பழைய துரை ஊருக்குக் கப்பலேறினார். புதிய துரை வந்தார். இளவயது, கூரான மூக்கு, காது பாம்புக் காது. வந்த வாரமே பெரிய கிளாக்கரின் பேனா விழுந்தது. துரை எழுந்து எட்டிப் பார்த்தார். மேசைக்கு அடியில் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு தன்னுடைய தலைமைக் கிளாக்கர் குலுங்குவதைக் கண்ணாரக் கண்டார். அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். கோர்ட்டில் சிரிப்பது நீதியைப் பார்த்துச் சிரிப்பது என்றார். இன்னொரு தடவை சிரித்தால் மொனராகலைக் கச்சேரிக்கு மாற்றி எழுதிவிடுவேன் என்றார்.

தாழ்நாட்டு மொனராகலை அப்போது காடும் காய்ச்சலும்தான். அங்கே கிளாக்கர் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். போனவர்கள் ஒன்று லீவில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கட்டிலில் இருப்பார்கள். பெரிய கிளாக்கர் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்குக் காய்ச்சல் வந்தா வரட்டும் நானா. அவளை அங்க கூட்டிட்டுப் போனா கொன்னுடுவேன். கூட்டிட்டுப் போகாட்டி நான் செத்துடுவேன்” என்றார். கோர்ட்டுக்கு வெளியே அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். 

அடக்குவதற்கு என்னென்னவோ செய்தார். வாயில் மிளகைப் போட்டுக் கடித்தார். தும்மல் வந்தது, அடக்கமும் போனது. செத்துப்போன சொந்தக்காரர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தார். அவர்களிலும் பாதிப் பேர் சிரிப்பு மூட்டுகிறவர்களாக இருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார். உள்ளே இருக்கிறதைக் காலையிலேயே காலி செய்துவிட்டால் கோர்ட்டில் எங்கிருந்து வரும் என்பது அவர் கணக்கு. விடிந்ததும் ஊர்க் கதை, உறவுக் கதை எல்லாம் சொல்லி, அக்குளில் விரலை விட்டு, புருஷனைச் சிரிக்க வைப்பார். வரும் கட்சிக்காரர்கள் கோர்ட்டு வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குழம்புவார்கள். அப்புறம் பெரிய கிளாக்கர் பிழிந்துபோட்ட துணியாக வந்து உட்காருவார். சத்தியமாகச் சொல்கிறேன், அது வேலை செய்தது. என் கையெழுத்தைப் பார்த்துப் புதிய துரை பாராட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் செவலைப் பசு வழக்கு வந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டம். கொழுந்து எடுக்கிற ஒரு பெண் வளர்த்த பசுவை அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி தன்னுடையது என்று தன் பட்டியில் கட்டிவிட்டார். அவருக்கு வெள்ளி முனை வைத்த கைத்தடி, ஜரிகைத் தலைப்பாகை, சாட்சி சொல்ல ஆள் பட்டாளம். அவளுக்கு அவளுடைய வாய் மட்டும். தவணைக்கு மேல் தவணை போயிற்று. ஒருநாள் அவள் கூண்டில் நின்றபடியே கங்காணியைப் பார்த்து, “அம்மன் முன்னால கற்பூரம் அடிச்சு, மாடு ஒங்களோடதுன்னு சொல்லுங்க. மாட்ட ஒங்க பட்டியிலேயே விட்டுட்டுப் போறேன்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய சத்தியம். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைக்க வேண்டும். இரண்டு கட்சியும் சம்மதித்தால் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொள்ளும். வழக்கு அதோடு தீர்ந்தது. சபை நடுவில் மாட்டேன் என்று சொல்லக் கங்காணியின் மீசை இடம் கொடுக்கவில்லை. சரி என்றார். சத்தியத்தை நடத்தி வைக்கப் பெரிய கிளாக்கரும் எழுதிக்கொள்ள நானும் போக வேண்டியது என்று உத்தரவானது. சத்தியத்துக்கு முந்தின நாள் புதிய துரை, தானும் வந்து அந்தச் சத்தியத்தைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

சத்தியத்தன்று காலையில் பெரிய கிளாக்கர் வீட்டில் இரட்டைப் பங்கு சிரிப்புச் சத்தம் கேட்டது.

லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் சின்ன மாரியம்மன் கோயில். கொழுந்துக் கூடையோடு பெண்களும் மண்வெட்டியோடு ஆண்களும் தோட்டமே திரண்டிருந்தது. துரைக்குப் பங்களாவிலிருந்து நாற்காலி வந்தது. நான் வெளிவாசலில் ஒரு பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். வழக்குப் பொருள் என்பதால் பசுவையும் கொண்டுவந்து பக்கத்து மரத்தில் கட்டியிருந்தார்கள். கங்காணி மேளத்தோடு வந்தார். சத்தியத்துக்கு ஒரு வில்லைக் கற்பூரம் போதும். சின்ன வில்லை தன் அந்தஸ்துக்கு ஆகாது என்று அவர் பதுளைக் கடைவீதியில் இருந்த கற்பூரத்தையெல்லாம் வாங்கிவந்து, தாம்பாளத்தில் கோபுரமாகக் குவிக்கச் சொன்னார். பூசாரி தயங்கித்தான் கொளுத்தினார். நெருப்பு அவர் நெஞ்சு உயரத்துக்கு எழும்பியது.

கங்காணி கையை ஓங்கினார். சூடு பட்டதும் கை தானாகவே திரும்பி வந்தது. காற்று அடிக்கிறது என்றார். இலை ஆடவில்லை. மறுபடி ஓங்கி, கண்ணை மூடிக்கொண்டு, “இந்த மாடு” என்று சொல்லிப் பக்கவாட்டில் ஓர் அடி அடித்தார். தாம்பாளம் சுழன்றது. எரிகிற கற்பூரம் நாலா பக்கமும் சிதறியது. பூசாரி ஒரே தாவலில் அம்மனுக்குப் பின்னால் போய்விட்டார். அணைக்காமல் விட்டால் சத்தியம் நிறைவேறாதே. கங்காணி குனிந்து ஒவ்வொரு துண்டாகத் துரத்தினார். “இந்த மாடு” என்று ஓர் அடி. “என்னோட” என்று ஓர் அடி. ஒன்றை அணைப்பதற்குள் இன்னொன்று உருளும். தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது.

நான் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. ஆனால் வாய் மூடியே இருந்தது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று நான் உள்ளுக்குள் துவா கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசித் துண்டு ஒன்றே ஒன்று எரிந்தபடி உருண்டு, படியிறங்கி, மரத்தடிக்குப் போய் நின்றது. கங்காணி கையை ஓங்கிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் செவலைப் பசு நிதானமாக வாலைத் தூக்கி, அதன் மேல் மூத்திரம் பெய்து அணைத்துவிட்டது.

 துரை, சத்தியம் ஆயிற்றா என்று இங்கிலீஷில் கேட்டார். பெரிய கிளாக்கர் அதைப் பூசாரியிடம் தமிழில் கேட்டார். குரல் நூலாக வந்தது. பூசாரி அம்மனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, வெகு யோசனையோடு, “சத்தியம் ஆச்சுங்க. ஆனா பண்ணுனது மாடுங்க” என்றார்.

அவ்வளவுதான். பெரிய கிளாக்கர் வெடித்தார். பல நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டது. கோயில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வழுக்கி, படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. கூடைகள் உருண்டன. மேளக்காரன் மேளத்தின் மேல் விழுந்து சிரித்தான். வெந்த கையை உதறிக்கொண்டு நின்ற கங்காணிக்கே உதடு கோணியது. கயிற்றை அவிழ்த்து அந்தப் பெண்ணிடம் எறிந்து, “ஓட்டிக்கிட்டுப் போ தாயி, இதுக்கு மேல என்னால ஆகாது” என்றார். என் மூஞ்சி கூட அன்றைக்குச் சிரித்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. துரை மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து, குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாற்ற உத்தரவு மேசையில் இருந்தது. பெரிய கிளாக்கர் கெஞ்சவில்லை. சிரித்தது உண்மைதானே என்றார். மனைவியைப் பண்டாரவளையில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, பசறைப் பாதையில் மாட்டு வண்டியில் தனியாகப் போனார். வழியனுப்பப் போன நான் ஒரு பொட்டலம் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் கொஞ்சம் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கட்டுகள் ஒழுங்காக இருந்தன, எழுத்து ஒழுங்காக இருந்தது, மொழிபெயர்ப்பில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் துரை தடுமாற ஆரம்பித்தார். சாட்சி பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பார். பிறகு பெருமூச்சு விட்டுத் தவணை போடுவார். தவணைகள் குவிந்தன. கடைசியில் ஒருநாள் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். தனக்குத் தமிழ் தெரியாது, கூண்டில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள் என்றார். அந்தப் பழைய ஆள் இருந்தபோது, எவனாவது பொய்யை ஜோடித்துச் சொன்னால் மேசை ஆடும், தோள் குலுங்கும், தனக்கு விஷயம் விளங்கும். அவன் சிரிப்பை அடக்கிய நாட்களில்கூடக் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். உன் முகத்தில் எதுவுமே எழுதியில்லையே, நான் எதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்தது. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது மூஞ்சிக்காக இல்லையே. ஆனாலும் வாய்ப்பை விடவில்லை. அவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமே என்றேன். துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எழுது என்றார். என் ஆயுளில் நான் அவ்வளவு வேகமாக எழுதிய உத்தரவு வேறில்லை.

பெரிய கிளாக்கர் வந்தபோது அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் உருக்கியிருந்தது, சட்டை தோளில் தொங்கியது. அவருடைய மனைவி முந்தின நாளே வந்து வீட்டைப் பெருக்கி வைத்திருந்தார். காலையில் பின்வீட்டிலிருந்து சத்தம் வருமென்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தார்.

முதல் வழக்கு ஒரு தோட்டக்காரன் மேல். தோட்டத்துப் பங்களாத் துரையின் கறுப்புக் கோட்டைத் திருடினான் என்று குற்றம். அவன் கூண்டில் ஏறி, தான் எடுக்கவில்லை என்றும், குரங்கு ஒன்று அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து லயத்துக் கூரையில் உட்கார்ந்தது என்றும், தான் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்கியதாகவும், ஒரு கையை மட்டும் குரங்கு கடைசி வரை கழற்ற மாட்டேன் என்றது என்றும் சொன்னான். சபை முழுக்கக் கையால் வாயைப் பொத்தியது. துரை பேனாவை வைத்துவிட்டுப் பெரிய கிளாக்கரின் பக்கம் திரும்பினார். புரொக்டர்மார் திரும்பினார்கள். கூண்டில் இருந்தவனும் ஏனென்று தெரியாமல் திரும்பினான். மேசை ஆடவில்லை. மொனராகலை இந்த மனிதரிடம் இருந்ததை எடுத்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

துரை பொறுத்துப் பார்த்தார். பிறகு இருக்கையிலிருந்து சாய்ந்து, தாழ்ந்த குரலில், என்ன ஆயிற்று, இன்னும் வரவில்லையா என்று கேட்டார். பெரிய கிளாக்கர் பதறி எழுந்தார். அந்தப் பதற்றத்தில் இங்கிலீஷ் மறந்துபோய்த் தமிழிலேயே சொன்னார்.

“எப்புடிங்க தொரை வரும்? அந்த ஆளு நெசத்தச் சொல்றாரு.”

அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். துரை தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்து, குற்றவாளி இல்லை என்று எழுதினார்.